கிழிந்த ரப்பர் புழுக்களை வீட்டிலேயே உருக்கி வார்க்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில் முதலில் சொல்லிவிடுகிறேன். தூண்டில் முள்ளில் செயற்கை இரையாக மாட்டுகிற, ஒவ்வொரு முறையும் கிழிந்துபோகும் ரப்பர் புழுக்களைத் தூக்கி எறியாமல் ஒரு பை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அவற்றைப் பழைய பாத்திரத்தில் போட்டு உருக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றிப் புதுப் புழு செய்கிற வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். இருப்பது சிங்கப்பூரில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, கைக்குழந்தை இருக்கிறது, அடுப்பங்கரைப் பக்கமே இதைக் கொண்டுவரக்கூடாது என்று மனைவி சொல்கிறார். போதாததற்குப் பழைய தோட்டக் குழாயையும் வெட்டிக் கலந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புழு உருகுமா என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குள் ஆபத்தில்லாமல் செய்ய முடியுமா, அப்படிச் செய்த புழு மீனுக்குப் போடுகிற தரத்தில் இருக்குமா, இந்த இரண்டும்தான் கேள்வி. நல்ல புழு செய்ய முடியும். ஆனால் அடுப்பங்கரையில் வேண்டாம், அந்த விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. தோட்டக் குழாய் கூடவே கூடாது.

நான் துவாஸில் மின்கம்பிகளுக்கு பிவிசி உறை ஏற்றும் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவன். உங்கள் ரப்பர் புழுவும் அந்த உறையும் ஒரே குடும்பம். அதனால் சூட்டில் பிவிசி எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். உடல்நலம் பற்றிப் பேசும்போது மட்டும், நான் டாக்டர் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேர்தான் ரப்பர் புழு, பெரும்பாலானவற்றில் ரப்பர் கிடையாது. பிவிசித் தூளை பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெயில் கலக்கினால் பால் மாதிரி ஒரு திரவம் வரும், அதற்கு பிளாஸ்டிசால் என்று பெயர். அதைச் சூடாக்கினால் தூள் எண்ணெயைக் குடித்து ஊதி, கெட்டியாகி, 170 டிகிரி செல்சியஸ் வாக்கில் கண்ணாடி மாதிரி தெளிந்து, ஆறியதும் தொளதொளவென்று நிற்கும். அதுதான் புழு. ஒருமுறை அப்படி ஆன பொருளை மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகும், அதனால்தான் மறுசுழற்சி சாத்தியமாகிறது. ஆனால் பிவிசி ஒவ்வொரு சூட்டையும் கணக்கில் வைத்துக்கொள்ளும். 190, 200 டிகிரியைத் தாண்டும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வேகமாகக் கழன்று வர ஆரம்பிக்கும். வந்த வாயு மிச்சமிருப்பதையும் சேர்த்துச் சிதைக்கும். முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, கடைசியில் கருப்பு. இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே ஸ்டெபிலைசர் சேர்க்கிறார்கள். அது ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிந்துகொண்டே போகும். உங்கள் பையில் இருக்கும் புழு ஏற்கனவே ஒருமுறை சூட்டைப் பார்த்தது. அதில் எவ்வளவு ஸ்டெபிலைசர் மிச்சம் என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. புதுத் திரவம் வாங்கி ஊற்றுகிறவருக்கு இருக்கும் சலுகை உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். அதனால் பழைய புழுவைக் கொஞ்சமாக எடுத்து, எவ்வளவு குறைந்த சூட்டில் ஊற்ற முடியுமோ அந்தச் சூட்டில், சீக்கிரமாக வேலையை முடிக்க வேண்டும். நான் கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரே காரணத்துக்காகத்தான்.

குழாய் ஏன் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய பிவிசிக் குழாய், மின்கம்பி உறை போன்றவற்றில் ஸ்டெபிலைசராக ஈயச் சேர்மங்களைப் போடுவது ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். உங்கள் குழாயில் ஈயம் இருக்கிறதோ இல்லையோ, அதைத் தெரிந்துகொள்ளாமல் உருக்குவது வம்பை விலைக்கு வாங்குவது. குளியலறைத் திரை, பழைய செருப்பு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். தூண்டில் புழுவைத் தவிர வேறு எதுவும் உருக்கும் கோப்பைக்குள் போகவேண்டாம்.

இனி பையைக் கொட்டிப் பிரியுங்கள். இழுத்தால் பல மடங்கு நீண்டுகொண்டே போய், கிழியவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற புழுக்கள் இருந்தால் தனியாக எடுத்துவிடுங்கள். அவை டிபிஇ என்ற வேறு ஜாதி. இசட்-மேன் கம்பெனியின் எலாஸ்டெக் புழுக்கள் அந்த வகை. பிவிசியோடு சேராது, ஒரே டப்பாவில் சும்மா வைத்திருந்தாலே இரண்டும் ஒன்றையொன்று கரைத்துக் கொழகொழவென்று ஆகிவிடும். பெர்க்லியின் கல்ப் மாதிரி தண்ணீரை அடிப்படையாகக் கொண்டவையும் வேண்டாம். வெளியே கிடந்து சுருங்கிக் கல்லாகக் காய்ந்திருந்தால் அநேகமாக அந்த வகைதான். சந்தேகம் தீராத புழுவுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. செப்புக் கம்பியை இடுக்கியில் பிடித்து, தீயில் நிறம் எதுவும் வராத வரை காட்டிச் சிவக்கவிட்டு, புழுவின் மேல் ஒருமுறை தொட்டு, மறுபடி தீயில் காட்டினால், குளோரின் இருக்கும் பட்சத்தில் தீ பச்சையாக எரியும். உப்பு சேர்த்த புழு என்றால் மஞ்சள் தீ குறுக்கே வந்து குழப்பும். அந்தப் புகையும் நல்லதல்ல, திறந்தவெளியில் ஒரு தொடுதல் போதும். பச்சை வந்தால் பிவிசி என்று ஓரளவு நம்பலாம். உள்ளே எந்த பிளாஸ்டிசைசர் இருக்கிறது என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

நிறம் பிரிப்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் வருவது சேற்றுப் பழுப்பு, அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். சிலேத்தார், பெடோக் நீர்த்தேக்கங்களில் கலங்கிய தண்ணீரில் பழுப்பும் கருப்பும் நன்றாகவே வேலை செய்கின்றன. வெள்ளை, இளம்பச்சை மாதிரி வெளிர் நிறங்களை மட்டும் தனியாக வையுங்கள், ஒரே ஒரு கருப்புப் புழு விழுந்தால் போதும், முழுக்கோப்பையும் கெட்டுவிடும்.

பிரிக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். மூக்கு கிழிந்ததும், முள் ஏறிய இடத்தில் பிளந்ததும்தான் பாதிக்கு மேல் இருக்கும். அவற்றை உருக்கவே தேவையில்லை. கத்தி நுனியைச் சூடாக்கி, கிழிந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் ஒரு நொடி வைத்து, இரண்டும் பளபளத்ததும் கத்தியை உருவிவிட்டு அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். கத்தியில் புகை கிளம்பினால் சூடு அதிகம். வால் போன புழுவுக்கு இன்னொன்றின் வாலை வெட்டி இப்படியே ஒட்டலாம், இரண்டு நிறத்தில் கிடைப்பது ஒரு லாபம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து செய்கிற அளவுக்குச் சின்ன வேலை. மறுசுழற்சி என்று பார்த்தால் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதில் மொத்தப் பொருளும் சூடாவதே இல்லை.

உருக்கத்தான் வேண்டும் என்று மிஞ்சியவற்றுக்கு வருவோம். முதல் எதிரி தண்ணீர். 170 டிகிரியில் இருக்கும் கூழுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் அது ஆவியாகி வெடித்துக் கூழைத் தெறிக்கவிடும். தெறித்தது தோலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே சுடும். நம் ஊரில் இது இரட்டைத் தொல்லை. நிறையப் புழுக்களில் எடைக்காகவும் ருசிக்காகவும் உப்பு சேர்த்திருப்பார்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு ஈரத்தை இழுக்க ஆரம்பித்துவிடும். சிங்கப்பூரில் பெரும்பாலான நாட்கள் அதற்கு மேல்தான். ஆகவே புழுவைக் கழுவி ஜன்னலில் காயவைப்பதால் பெரிய பலன் இல்லை. ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் சில நாள் வையுங்கள். கேமரா வைக்கும் உலர்பெட்டி இருந்தால் அதைவிட நல்லது. நறுக்கும்போது உள்ளே முள் முனை, ஈயக்குண்டு எதுவும் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள்.

டப்பா என்றதும் ஞாபகம் வருகிறது, கடினமான கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். புழுவிலிருந்து கசியும் எண்ணெய் பாலிஸ்டைரீனை அரித்துவிடும். பாலிப்ரொப்பிலீன் டப்பா தாங்கும்.

சூடாக்குவதற்கு இதற்கென்றே ஒதுக்கிய பழைய மைக்ரோவேவும், சூடு தாங்கும் கண்ணாடி அளவுக்கோப்பையும் போதும். ஒதுக்கிய என்றால் ஒதுக்கியதுதான், அதற்கப்புறம் அதில் சோறு சூடாக்கக்கூடாது, ஏனென்றால் உள்சுவர் முழுக்க எண்ணெய்ப் படலம் படிந்துவிடும். எரிவாயு அடுப்பு வேண்டவே வேண்டாம். பாத்திரத்தின் அடி மட்டும் கருகும், போதாததற்கு 200 டிகிரிக்கு மேல் சூடேறிய பிளாஸ்டிசைசர் ஆவி திறந்த தீயில் பற்றிக்கொள்ளக்கூடியது. ஒரு தடவைக்கு 100 கிராம் போதும். ஐந்து அங்குலத் தடிப் புழு ஒன்று சுமார் 10 கிராம் என்று வைத்தால் பத்துப் புழு வரும். முதலில் ஒரு நிமிடம், பிறகு முப்பது முப்பது விநாடியாக, ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து மெதுவாகக் கிளறுங்கள். முதலில் துண்டுகளின் ஓரம் பளபளக்கும், அப்புறம் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்தாகத் திரளும், அந்த நிலையில் இது உருகவே உருகாது என்று தோன்றும். பொறுமையாக இருங்கள். கட்டி கரைந்து, குச்சியைத் தூக்கினால் அறுபடாமல் நூலாக இறங்கும்போது, வெல்லப்பாகில் பதம் பார்க்கிற மாதிரிதான், ஊற்றும் பதம் வந்துவிட்டது. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். அது மேற்பரப்பின் சூட்டை மட்டும் காட்டும், ஆகவே கிளறியவுடன் பிடித்துப் பாருங்கள். 165 முதல் 175க்குள் இருந்தால் ஊற்றுங்கள். 180 காட்டினால் கோப்பையை வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

மஞ்சளாக மாறினாலோ, மூக்குக்குள் சுரீர் என்று குத்துகிற புளித்த வாடை வந்தாலோ அது ஹைட்ரஜன் குளோரைடுதான். அணைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள், காப்பாற்றலாம் என்று முகத்தை வைத்துக் கிளறிக்கொண்டிருக்காதீர்கள். புகைமூட்டக் காலத்தில் வாங்கி வைத்த என்95 முகமூடி தூசியைத்தான் தடுக்கும், இந்த வாயுவை அப்படியே உள்ளே விட்டுவிடும். அமில வாயுவுக்கும் கரிம ஆவிக்கும் உரிய வடிகட்டி மாட்டிய அரைமுகக் கவசம் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி, நீளக்கைச் சட்டை, தோல் கையுறை, மூடிய காலணி, எல்லாம் வேண்டும். தோலில் ஊற்றிவிட்டால் ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு, ஒட்டியது ஒட்டியபடியே மருத்துவரிடம் போங்கள்.

சரி, எங்கே வைத்துச் செய்வது? வீவக வீட்டில் பாம் ஷெல்டர் அறைதான் காலியாக இருக்கிறது என்று சிலர் அங்கே செய்வதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். காற்றோட்டம் மிகக் குறைந்த அறை அது, இருப்பதிலேயே மோசமான இடம். பொது நடைபாதையில் செய்தால் பக்கத்து வீட்டுக்குள் புகை போகும், யாராவது தடுக்கி விழவும் வாய்ப்பு உண்டு. துணி துவைக்கும் பின்கட்டில் ஜன்னலைத் திறந்து, விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைத்துச் செய்யலாம் என்பார்கள். தனியாக இருப்பவருக்கு அதுகூட ஒருமாதிரி பரவாயில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் நான் அதையும் சொல்லமாட்டேன். இங்கேதான் உறுதியானது எது, சந்தேகமானது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதிகச் சூட்டில் பிவிசி அமில வாயுவை விடும் என்பது உறுதி. அது கண்ணையும் சுவாசப் பாதையையும் எரிக்கும் என்பதும் உறுதி. பிளாஸ்டிசைசர்களில் டிஇஎச்பி மாதிரி சில தாலேட்டுகளைக் குழந்தைகளின் பொம்மையில் 0.1 சதவீதத்துக்கு மேல் விடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியிருக்கிறது, இதுவும் உறுதி. ஆனால் மாதம் ஒருமுறை உருக்குகிற ஒருவர் வீட்டில் எவ்வளவு ஆவி தங்கும், அதனால் என்ன ஆகும் என்பதெல்லாம் புழுவுக்குப் புழு, வீட்டுக்கு வீடு மாறும். பாக்கெட்டில் எந்த எண்ணெய் என்று எழுதியும் இருக்காது. இப்படிப்பட்ட இடத்தில் குழந்தையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. தரைவீடு இருக்கிற நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். பின்புறம் மழை படாத, காற்று ஓடுகிற இடத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துவிடலாம். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

அச்சு விஷயத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலிவு, நம் ஊருக்கு அவ்வளவு தோதில்லை. இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று கலந்து, அடியில் பசை போட்டு ஒட்டி வைத்த மாதிரிப் புழுவின் மேல் ஊற்றினால் அரை மணியில் இறுகிவிடும். இறுகுவது வேறு, காய்வது வேறு. காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்துத் தெரியாது. தினமும் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு வாருங்கள், எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது. குளிர்சாதன அறையில் விசிறிக்குக் கீழே வைத்தால் சீக்கிரம் ஆகும். அதன் பிறகுதான் நீர்த்த வெள்ளைப் பசையோ எபோக்சியோ இரண்டு மூன்று கை பூச வேண்டும், ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் முதல் ஊற்றிலேயே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். இரண்டு பாகம் கலந்து செய்யும் சிலிக்கோன் அச்சு விலை கூடுதல்தான், ஆனால் 200 டிகிரி தாங்குகிற ரகமாகப் பார்த்து வாங்கினால் இந்த ஈரத் தலைவலியே இல்லை, வளைத்துப் புழுவை எடுத்துவிடலாம். ப்ராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் கடையில் இரண்டையும் விசாரியுங்கள். முப்பரிமாண அச்சுப்பொறியில் பிஎல்ஏ இழையால் செய்த அச்சு வேண்டாம், அது 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். பிஎல்ஏவில் மாதிரிப் புழுவைச் செய்து, அதை வைத்து சிலிக்கோன் அச்சு எடுப்பது நல்ல வழி.

ஊற்றும்போது உப்பு அடியில் தங்கும். உப்பு 800 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆகவே கூழில் அது மணலாகத்தான் கிடக்கும். மேலே இருப்பதை மெல்லிய வால் உள்ள புழுவுக்கும், அடியில் இருப்பதைச் சீக்கிரம் மூழ்கவேண்டிய தடிப் புழுவுக்கும் ஊற்றினால் இரண்டுக்கும் நியாயம் செய்தமாதிரி. அச்சிலிருந்து எடுத்த புழுவை நேராகப் படுக்க வையுங்கள், சூடாக இருக்கும்போது வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும், தண்ணீரில் சுழன்று நூலை முறுக்கும்.

மறுபடி உருக்கிய புழு கொஞ்சம் விறைப்பாக இருக்கும், எண்ணெய் வருடக்கணக்கில் கசிந்து போயிருக்குமல்லவா. தூண்டில் புழு செய்பவர்களுக்கென்றே விற்கும், புழுவை மென்மையாக்குகிற சாஃப்ட்னரையும், கூடவே ஸ்டெபிலைசரையும் இணையத்தில் வாங்கலாம். சாஃப்ட்னரை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் சேர்த்து, ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவிட்டு அமுக்கிப் பார்த்துவிட்டு மேலே சேருங்கள். சூடாக இருக்கும்போது எல்லாமே மென்மையாகத்தான் தெரியும். சமையல் எண்ணெயால் இந்த வேலை ஆகாது. சோயா எண்ணெயை எபோக்சி ஏற்றி மாற்றியபின் பிவிசியில் போடுகிறார்கள் என்பது உண்மைதான், பாட்டிலில் இருக்கும் சோயா எண்ணெய் அதுவல்ல, இரண்டு நாளில் வெளியே கசிந்து பிசுபிசுக்கும். பூண்டு, சோம்பு வாசனை சேர்ப்பதானால் எண்ணெயில் கரைத்தது மட்டும்.

காசு மிச்சமாகுமா என்றால், இவ்வளவும் வாங்கி வைத்தால் முதல் வருடம் நிச்சயம் ஆகாது. நீர்த்தேக்கங்களில் அனுமதித்த இடங்களில் செயற்கை இரை மட்டும்தான் போடலாம் என்பதால் நம்மவர்களுக்குப் புழுச் செலவு அதிகம்தான், இருந்தாலும் ஒட்டுப்போட்டே பாதியை மீட்டுவிடலாம். உருக்கி வார்ப்பதில் கிடைப்பது கடையில் இல்லாத அளவும் நிறமும். தோமான் என்ற விரால் வகை மீனுக்குத் தடியாக, பீக்காக் பாஸ் மீனுக்கு விரல் நீளத்தில் என்று உங்கள் இஷ்டத்துக்குச் செய்யலாம். மிஞ்சிய டிபிஇ துண்டு, கருகியது, கல்ப் எல்லாவற்றையும் நீல மறுசுழற்சித் தொட்டியில் போடாதீர்கள், மற்றதையும் கெடுக்கும். முள்ளை வெட்டி எடுத்துவிட்டு, பையில் கட்டிச் சாதாரணக் குப்பையில் போடுங்கள். அது எரிஆலைக்குப் போய்ச் சாம்பலாகிச் செமக்காவ் தீவுக்குப் போகும். கோப்பையில் ஒட்டியதை மட்டும் சூட்டில் சுரண்டவேண்டாம், நன்றாக ஆறியதும் ஓரத்தைக் கிளப்பி இழுத்தால் ஒரே தோலாக வந்துவிடும்.